மங்கிய கண்ணாடிக்கு வக்காலத்து எதற்கு?

பழைய கார் வைத்திருப்பவர்களிடையே ஒரு கருத்து ஏறக்குறையச் சட்டமாகவே நிலைத்துவிட்டது. அம்பாசடரோ, ஃபியட்டோ, ஸ்டாண்டர்டு ஹெரால்டோ, எதுவானாலும் பின்கண்ணாடியில் ஆவி படிந்தால் படியட்டும். அதற்கென்று டிஃபாகர் என்னும் மின்சூடு வைக்கும் வேலை வேண்டாம் என்பதுதான் அது. ஏன் என்று கேட்டால் ஒன்று மாற்றி ஒன்றாகக் காரணம் வரும். வண்டி ஒரிஜினலாக இருக்க வேண்டும் என்பார்கள். அதற்கு விடை சொன்னால் டைனமோ தாங்காது என்பார்கள். அதையும் கடந்தால், நம் ஊரில் என்ன பனியா கொட்டுகிறது என்ற கேள்வி காத்திருக்கும். இவை வெவ்வேறு மறுப்புகள் போலத் தெரிந்தாலும் மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். டிஃபாகர் என்றதும், ஐரோப்பியக் குளிர்காலத்தில் கண்ணாடி மேல் உறைந்த பனிக்கட்டியை உருக்கித் தள்ளும் பெரிய சாதனம் ஒன்றை இவர்கள் கற்பனை செய்துகொள்கிறார்கள். நமக்கு வேண்டியது அது இல்லை. கண்ணாடியின் நடுப்பகுதியைச் சில டிகிரி மட்டும் சூடாக்கும் சிறிய இழை, அதற்கு ஒரு சுவிட்ச், ஒரு ஃபியூஸ் இருந்தால் போதும். இந்த அளவு புரிந்துவிட்டால் மூன்று மறுப்புகளும் வலுவிழந்துவிடும்.

முதலில் நம் ஊர் வாதம். கண்ணாடி மங்குவதற்குப் பனி தேவையில்லை. கண்ணாடியின் வெப்பம், அதைத் தொடும் காற்றின் பனிப்புள்ளிக்குக் கீழே போனால் போதும், நீர் படிந்துவிடும். அந்தக் காற்று 5 டிகிரியில் இருக்கிறதா 25 டிகிரியில் இருக்கிறதா என்பது பொருட்டே அல்ல. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் சாலையை எடுத்துக்கொள்வோம். அடிவாரத்துக்கும் 2,240 மீட்டரில் இருக்கும் உதகைக்கும் இடையே ஏறத்தாழ 1,900 மீட்டர் உயர வேறுபாடு. ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்ற பொதுக் கணக்கில், வழியிலேயே வெளிக்காற்று 12 டிகிரி குளிர்ந்துவிடும். ஐப்பசி மழையில் கீழே 26 டிகிரியும் 80 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால் அந்தக் காற்றின் பனிப்புள்ளி 22 டிகிரி. குன்னூரை நெருங்கும்போது கண்ணாடியின் வெப்பம் அதற்கு வெகு கீழே போயிருக்கும். இதோடு உள்ளே இருப்பவர்களின் மூச்சையும் சேர்க்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மூச்சிலும் தோலிலுமாக மணிக்குச் சுமார் 40 கிராம் நீராவியை வெளியிடுகிறார். நான்கு பேர் என்றால் 160 கிராம். காரின் உள்வெளி மூன்று கனமீட்டர் என்று கொண்டால், 20 டிகிரியில் அந்தக் காற்று தாங்கக்கூடிய நீராவி மொத்தமே 50 கிராமுக்குச் சற்று மேல்தான். பழைய வண்டியில் இடுக்குகள் வழியே காற்று வந்துபோகும் என்பது சரி. ஆனால் மழைநேரத்து மலைக்காற்று ஏற்கெனவே நிறைந்து வருகிறது. உள்ளிருக்கும் ஈரத்தை அதிகம் சுமந்துபோக அதற்கு இடமில்லை. எஞ்சியது கண்ணாடியில்தான் படியும். இந்தக் கணக்கில் பனிக்கட்டிக்கு எங்கும் வேலையில்லை.

மலைக்குப் போகாதவர்களும் இதிலிருந்து தப்பவில்லை. பழைய காருக்கு ஏசி பொருத்துவது இப்போது சாதாரணம். கடலோர ஊர்களில் வெளிக்காற்றின் பனிப்புள்ளி பல நாட்கள் 24, 25 டிகிரியில் நிற்கும். ஏசி குளிர்வித்த கண்ணாடி அதற்குக் கீழே போனால் ஆவி வெளிப்பக்கம் படியும். அப்போது உள்பக்கம் எத்தனை முறை துடைத்தாலும் பயனில்லை. கண்ணாடி சற்றுச் சூடானால் இரு பக்கமும் தெளியும். மின்சூட்டுக்கு மட்டுமே உள்ள வசதி இது. துணிக்கும் கிடையாது, விசிறிக்கும் கிடையாது.

அடுத்து, பின்கண்ணாடி மங்கினால் என்ன, பக்கக் கண்ணாடி இருக்கிறதே என்பவர்களுக்கு. அவர்கள் பேசுவது இன்றைய காரைப் பற்றி. அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் ஓட்டுநர் பக்கம் மட்டும் உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடி இருக்கும், இடப்பக்கம் வெறுமை. பின்னால் வரும் பேருந்தைக் காட்டுவது உள்ளே தொங்கும் கண்ணாடிதான். அது பார்ப்பது பின்கண்ணாடி வழியாக மட்டுமே. இன்றைய காரில் பின்கண்ணாடி மங்கினால் ஒரு வசதி குறைகிறது, பழைய காரில் பின்பார்வை ஏறக்குறைய முழுவதுமாகவே போகிறது. புதிய காரைவிடப் பழைய காருக்குத்தான் டிஃபாகர் அதிகம் தேவை என்று இங்கே தலைகீழாக வாதிட வேண்டியிருக்கிறது. முன்கண்ணாடியை ஓட்டுகிறவர் கையால் துடைத்துக்கொள்ளலாம், பின்கண்ணாடிக்குக் கை எட்டாது. சோப்பு, ஷாம்பு, வெட்டிய உருளைக்கிழங்கு என்று தேய்க்கச் சொல்லும் வைத்தியங்கள் பொய் அல்ல. துளிகளாக நிற்க வேண்டிய நீரை அவை மெல்லிய படலமாகப் பரப்பிவிடுவதால் கொஞ்ச நேரம் பார்வை தெளிவாக இருக்கும். ஈரம் தொடர்ந்து படியும்போது அந்தப் படலம் வழிந்துபோகும், பழைய கதை திரும்பும். ஜன்னலை இறக்குவது உண்மையிலேயே நல்ல மருந்து. மழை நிற்கும்வரை அதைப் பயன்படுத்த முடியாது என்பதுதான் சிக்கல். பின்பலகையில் சிறு விசிறி வைப்பதும் ஓரளவு உதவும். ஆனால் விசிறி அதே ஈரக்காற்றைத்தான் கண்ணாடி மேல் ஊதுகிறது. அந்தக் காலத்து இந்தியக் கார்களில் பெரும்பாலானவற்றில் ஹீட்டரே கிடையாது என்பதால் ஊதுவதற்குச் சூடான காற்றும் இல்லை.

இந்த இடத்தில் மெக்கானிக்குகள் ஒரு நியாயமான மறுப்பை வைக்கிறார்கள். கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் வெடித்திருக்கும், டிக்கி வழியாகத் தண்ணீர் இறங்கும், தரைவிரிப்புக்கு அடியில் சணல் ஊறிக் கிடக்கும். அதையெல்லாம் சரிசெய்யாமல் கம்பி ஒட்டுவது ஏமாற்று வேலை என்கிறார்கள். முழுவதும் சரி. ஊறிப்போன விரிப்போடு ஓடும் காரில் எந்தச் சூடும் வெல்லாது, அந்த ஈரம் தரைத் தகட்டையும் தின்றுவிடும். ஆகவே பீடிங்கும் வடிகால் துளைகளும்தான் முதல் வேலை. ஆனால் அதுவே கடைசி வேலையும் என்று சொல்லும்போதுதான் வாதம் தடுமாறுகிறது. ஒழுகாத காரில் ஏறும் நான்கு பேரும் மூச்சு விடத்தானே செய்வார்கள்? சொல்லப்போனால், பீடிங் புதிதாக இறுகிய வண்டியில் காற்று வெளியேறும் வழியும் குறைகிறது.

இனி டைனமோ. மறுப்புகளில் அதிகம் மதிக்கத்தக்கது இதுதான், எண்களோடு வருவதால். அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்களிலும் அவற்றின் வழிவந்த நம் வண்டிகளிலும் பரவலாக இருந்த லூகாஸ் சி40 டைனமோ தரக்கூடியது அதிகபட்சம் 22 ஆம்பியர். இன்றைய காரின் பின்கண்ணாடிச் சூட்டி 10 முதல் 15 ஆம்பியர் இழுக்கும். இரவு, மழை, ஹெட்லைட், வைப்பர் எல்லாம் ஓடும்போது இதையும் சுமத்தினால் பேட்டரி இறங்கும் என்கிறார்கள். இன்றைய சூட்டியை அப்படியே தூக்கி வைத்தால் இறங்கத்தான் செய்யும். ஆனால் அதை ஏன் அப்படியே தூக்கி வைக்க வேண்டும்? உள்கண்ணாடியில் ஓட்டுநர் பார்ப்பது பின்கண்ணாடியின் நடுப்பட்டையை மட்டுமே. ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் உயரம் தெளிவாக இருந்தால் பின்னால் வருவது அத்தனையும் தெரியும். அது ஒரு சதுர மீட்டரில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. சதுர மீட்டருக்கு 350 வாட் என்ற அளவில் சூடேற்றினாலும் மொத்தம் 42 வாட். 12 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியர். மூலையிலும் ஓரத்திலும் ஆவி படிந்தே இருக்கும். இருக்கட்டும், அந்த மூலைகளை யாரும் பார்ப்பதில்லை.

இந்த 42 வாட் போதுமா என்பதையும் பார்த்துவிடலாம். அந்தப் பட்டையின் கண்ணாடி நான்கு மில்லிமீட்டர் தடிமன் என்றால் எடை சுமார் 1.2 கிலோ. அதை ஒரு டிகிரி உயர்த்த ஒரு கிலோஜூல் வேண்டும், ஐந்து டிகிரிக்கு ஐந்து. படிந்திருக்கும் ஒரு கிராம் அளவு நீரை ஆவியாக்க இன்னொரு இரண்டரை கிலோஜூல். இழப்பே இல்லாவிட்டால் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். வெளிக்காற்று பாதியைக் கொண்டுபோனாலும் ஆறேழு நிமிடம்தான். ஐந்து டிகிரி போதுமா என்று கேட்பவர்கள் பனிப்புள்ளியை நினைவில் கொள்ள வேண்டும். உள்ளே 20 டிகிரியும் 85 விழுக்காடு ஈரப்பதமும் இருக்கும்போது பனிப்புள்ளி பதினேழரை. கண்ணாடி 16-இல் இருந்தால் அதை 18-க்குக் கொண்டுபோனாலே படிவது நின்றுவிடும். கண்ணாடி கைக்குச் சுட வேண்டியதே இல்லை. தொட்டுப் பார்த்துவிட்டு, சூடே இல்லையே, இது வேலை செய்யவில்லை என்று கழற்றிப் போடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு வேண்டியது தோசைக்கல்.

மிச்சக் கணக்கு டைனமோவின் பக்கம். மழையிரவில் தாழ்த்திய ஹெட்லைட்டுக்கு ஏழு ஆம்பியர், பின்விளக்கும் நம்பர் பிளேட்டும் டாஷ்போர்டும் சேர்ந்து இரண்டு அல்லது மூன்று, இக்னிஷன் காயிலுக்கு மூன்று, வைப்பருக்கு மூன்று. கூட்டினால் 16. இருபத்திரண்டில் மிச்சம் ஆறு. நமக்கு வேண்டியது மூன்றரை. ஐடிலிங்கில் டைனமோ ஏறக்குறைய ஒன்றுமே தராது என்பார்கள், அதுவும் உண்மை. ஆனால் கண்ணாடி மோசமாக மங்குகிற மலைச்சாலையில் வண்டி இரண்டாம் கியரில், எஞ்சின் வேகமாகச் சுழலத்தான் ஏறுகிறது. டைனமோ முழு வீச்சில் இருக்கும் நேரம் அதுவே. நகர நெரிசலில் நின்றுபோனாலும் மூன்றரை ஆம்பியர் பத்து நிமிடம் இழுத்தால் செலவு 0.6 ஆம்பியர்-மணி. நாற்பது ஆம்பியர்-மணி பேட்டரிக்கு இது அறுபதில் ஒரு பங்குகூட இல்லை. பத்து நிமிடத்தில் தானாக அணையும் டைமர் ரிலே ஒன்றைச் சேர்த்தால் மறதியும் ஒரு பிரச்சினை இல்லை. உண்மையில் கவனிக்க வேண்டியது டைனமோவை அல்ல, வயரிங்கை. அறுபது வருட ரப்பர் உறை உதிரும் பழைய வயரில் புதிதாக எதையும் ஒட்டவே கூடாது. பேட்டரியிலிருந்து நேராகத் தனி வயர், தொடக்கத்திலேயே ஐந்து ஆம்பியர் ஃபியூஸ், இக்னிஷன் சாவி திறந்தால் மட்டும் இயங்கும் ரிலே, சுவிட்ச்சில் ஒரு சிறு விளக்கு. இவ்வளவையும் பழைய வயர்க்கட்டை ஒரு இடத்தில்கூட வெட்டாமல் செய்யலாம். பேட்டரியின் பாசிட்டிவ் முனையைப் பாடியோடு இணைத்த பாசிட்டிவ் எர்த் வண்டிகளைப் பற்றிப் பயமுறுத்துகிறார்கள். சூடேறும் இழைக்கு மின்சாரம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்ற கவலையே கிடையாது. மின்னணு டைமரை மட்டும் அதற்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எதிர்முனையில் நிற்பவர்களையும் விட்டுவிட முடியாது. டிஃபாகர் வேண்டுமா, முதலில் டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேட்டர் போடு, எர்த்தை மாற்று, முழு வயரிங்கையும் புதுப்பி என்கிறார்கள் இவர்கள். ஒன்றும் செய்யாதே என்பவர்களும் எல்லாவற்றையும் மாற்று என்பவர்களும் எதிரிகள் போலப் பேசினாலும் ஒரே தவறான அளவைத்தான் நம்புகிறார்கள். ஆல்டர்னேட்டருக்கு வேறு நல்ல காரணங்கள் இருக்கலாம், மூன்றரை ஆம்பியர் அவற்றில் ஒன்றல்ல. ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும். ஆறு வோல்ட் வண்டிகளில், உதாரணமாக 180 வாட் டைனமோவோடு வந்த பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில், அதே 42 வாட் ஏழு ஆம்பியராகிவிடும். மொத்த உற்பத்தியில் நான்கில் ஒரு பங்குக்கு அருகில். அங்கே பட்டையை இன்னும் குறுக்கி 25 வாட்டோடு திருப்திப்பட வேண்டும்.

கடைசியாக ஒரிஜினல் என்ற வாதம். உண்மையில் எல்லோரும் மனத்தில் வைத்திருப்பது இதைத்தான். மற்றவை இதற்குத் துணைக்கு அழைத்து வரப்பட்டவை. இதே அன்பர்களின் வண்டிகளைச் சுற்றிப் பார்த்தால் ரேடியல் டயர் இருக்கும், ஹாலோஜன் பல்பு இருக்கும், பின்னாளில் சேர்த்த சீட் பெல்ட் இருக்கும், டாஷ்போர்டுக்குக் கீழே ஏசி தொங்கும். அங்கெல்லாம் வாய் திறக்காத கொள்கை, பின்கண்ணாடிக்கு வரும்போது மட்டும் எழுந்து நிற்கிறது. வரலாறும் அவர்கள் பக்கம் இல்லை. 1950-களிலும் 60-களிலும் பிரிட்டனில், பின்கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் சூடேறும் தகடுகளைக் கார் உபகரணக் கடைகள் விற்றன. 1965-இல் வந்த எம்ஜிபி ஜிடி-யில் சூடேறும் பின்கண்ணாடி கூடுதல் விலைக்குக் கிடைத்தது. அப்போது அந்த வண்டியில் இருந்தது டைனமோதான், ஆல்டர்னேட்டர் 1967 கடைசியில்தான் வந்தது. டைனமோவும் சூடேறும் பின்கண்ணாடியும் ஒரே காரில் வாழ்ந்திருக்கின்றன, அதுவும் தொழிற்சாலையிலிருந்தே. ஜியோவான்னி மிக்கலோட்டி வடிவமைத்த ட்ரையம்ஃப் ஹெரால்டு சென்னைக்கு அருகே வண்டலூரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டாக உருவான அதே ஆண்டுகளில் இங்கிலாந்து ஓட்டுநர் தன் ஹெரால்டுக்கு அப்படி ஒரு தகட்டை வாங்கி ஒட்டியிருக்க முடியும். அதையே இன்று வண்டலூர் ஹெரால்டில் செய்தால் எந்தக் காலத்துக்குத் துரோகம்?

பழமையைப் பாதுகாக்கவென்று விதி வகுத்தவர்களும் இந்தப் பிடிவாதத்தை ஆதரிக்கவில்லை. பழைய வாகன அமைப்புகளின் உலகக் கூட்டமைப்பான ஃபிவா ஏற்றுக்கொண்ட டுரின் சாசனம், வண்டியை ஓட்டுவதற்குத் தேவையான மாற்றங்களை முற்றாக விலக்கவில்லை. அவை அடக்கமாக இருக்க வேண்டும், பழைய பாகங்களை அழிக்கக் கூடாது, திரும்ப எடுக்க முடிய வேண்டும் என்ற போக்கில்தான் அது பேசுகிறது. இந்தியாவில் 2021-இல் கொண்டுவரப்பட்ட விண்டேஜ் வாகன விதிகள், 50 ஆண்டுகளைக் கடந்த வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும் என்கின்றன. சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது என்று விளக்குகின்றன. உரித்து எடுக்கக்கூடிய இழை இவற்றில் எதையும் தொடவில்லை. கண்காட்சிக்கு டிரெய்லரில் ஏறிப்போய், டிரெய்லரிலேயே வீடு திரும்பும் வண்டிக்கு எதையும் ஒட்ட வேண்டாம் என்பதை மகிழ்ச்சியாக ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பின்பார்வை தேவையில்லை, டிரெய்லர் இழுக்கும் லாரி ஓட்டுநருக்குத்தான் தேவை.

கண்ணாடி விரிசல் விடும் என்ற பயம் பாக்கி இருக்கிறது. பின்கண்ணாடி டஃபன்டு கண்ணாடியாக இருந்தால் 150 டிகிரிக்கு மேற்பட்ட வெப்ப வேறுபாட்டையும் தாங்கும். சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் கண்ணாடி அடையும் சூட்டோடு பார்த்தால் நாம் தரும் ஐந்து டிகிரி ஒரு பொருட்டே அல்ல. அதே டஃபன்டு தன்மைதான், இன்றைய கார்களில் இருப்பதுபோன்ற வெள்ளிக்கோடுகளைப் பின்னாளில் சேர்க்க முடியாததற்கும் காரணம். அந்தக் கோடுகள் கண்ணாடியைப் பதப்படுத்தும் உலையிலேயே சுட்டு ஒட்டப்படுபவை. நமக்கு இருப்பது ஒட்டும் இழை மட்டும். அதிலும் முழுத்தாளாக ஒட்டும் வகையைத் தவிர்க்க வேண்டும்: இரு திசையில் வளைந்த கண்ணாடியில் அது சுருங்கிக் குமிழ் விடும். தவிர, 2012-இல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமுக்குத் தடை விதித்த பிறகு, கண்ணாடியில் தாள் எதையாவது பார்த்தாலே சோதனைச் சாவடியில் வண்டியை ஓரங்கட்டச் சொல்கிறார்கள். தாள் உரிந்து வந்து கோடுகள் மட்டும் தங்கும் வகையே நல்லது. எடுக்கும்போது வெந்நீரும் பொறுமையும் போதும். பிளேடு வைத்துச் சுரண்டினால் கீறல் விழும், அந்தப் பழியைச் சூட்டின் மேல் போட முடியாது.

கிடைப்பதற்கரிய தொழிற்சாலை முத்திரை உள்ள கண்ணாடி, அதன்மேல் பசை படவே கூடாது என்பவருக்கும் ஒரு வழி உண்டு. மெல்லிய அக்ரிலிக் தகட்டை நடுப்பட்டை அளவுக்கு வெட்டி, ஓரத்தில் நுரைரப்பர் வைத்து, கண்ணாடிக்கு உள்பக்கம் சில மில்லிமீட்டர் இடைவெளியில் உறிஞ்சுகுமிழால் நிறுத்தினால், நடுவில் அடைபட்ட காற்றே குளிரைத் தடுத்துவிடும். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டில் பின்லாக் தகடு செய்வது இந்த வேலையைத்தான். இழையை அந்தத் தகட்டில் ஒட்டிக்கொண்டால் 20 வாட்டே போதுமானதாகிவிடும். கண்காட்சி நாளில் தகட்டைக் கழற்றி டிக்கியில் வைத்துவிடலாம்.